இதய நோய்ப் பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கும், மருத்துவமோ நர்சிங்கோ படிக்கத் தொடங்கி முதல் மாதத்திலேயே சொற்களைப் பார்த்து மிரண்டு போனவர்களுக்கும் இது. சிகிச்சை ஆலோசனை எதுவும் இதில் கிடையாது, சொற்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை மட்டும்தான். பிரித்துப் பார்த்தால் பாதிச் சொற்கள் கதவு, கூடம், வேலி, கூழ் என்று வீட்டுச் சாமான்களாகத்தான் இருக்கும். வேறொருவர் வீட்டுச் சாமான்கள், அவ்வளவுதான்.

ஏன் எல்லாமே கிரேக்கமும் லத்தீனுமாக இருக்கிறது?

ஐரோப்பிய மருத்துவத்தை முதலில் எழுதி வைத்தவர்கள் கிரேக்க மொழியில் எழுதினார்கள். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களும் கிரேக்கம்தான், ரோமப் பேரரசில் வாழ்ந்த கேலன் எழுதியதும் கிரேக்கம்தான். அப்புறம் ஐரோப்பாவில் படித்தவர்களின் பொதுமொழியாக லத்தீன் வந்து உட்கார்ந்துகொண்டது. ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வி ஆங்கிலேயர், ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியது லத்தீனில். 

இதனால் ஒரு பாகப்பிரிவினை நடந்துவிட்டது. உடற்கூறு, அதாவது உறுப்புகளின் பாகங்களுக்குப் பெரும்பாலும் லத்தீன் பெயர். நோய்க்கும் பரிசோதனைக்கும் பெரும்பாலும் கிரேக்கப் பெயர். ‘பெரும்பாலும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதயத்தில் இந்த விதி நன்றாகவே மீறப்படுகிறது.

கார்டியோ என்றால் இதயம். சரி, லத்தீனில் இதயத்துக்கு என்ன சொல்?

கிரேக்கத்தில் ‘கார்டியா’. லத்தீனில் ‘கோர்’. ‘இதயத்தினுடைய’ என்று சொல்ல வேண்டுமானால் ‘கோர்டிஸ்’. கார்டியாலஜி, கார்டியாக், கார்டியோகிராம், டாக்கிகார்டியா என்று வாய்க்கு வருவதெல்லாம் கிரேக்கக் கிளை. மருத்துவத்தில் லத்தீன் ‘கோர்’ பிழைத்திருப்பது சில இடங்களில்தான். நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்படுவதற்கு ‘கோர் பல்மொனாலே’ என்று பெயர், ‘நுரையீரல் சார்ந்த இதயம்’ என்று அப்படியே பொருள். 

மருத்துவத்துக்கு வெளியே ‘கோர்’ நன்றாகவே வாழ்கிறது. நாம் ரெக்கார்டு என்கிறோமே, அதன் தாய்ச்சொல்லான லத்தீன் ‘ரெகொர்தாரி’ என்பதற்கு நினைவுகூர்தல் என்று பொருள். ‘ரெ’ என்றால் மறுபடி, மீதி இதயம். நினைவு தங்கும் இடம் நெஞ்சு என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ‘நெஞ்சில் பதிய வை’ என்று சொல்லும் நமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

‘இதயம்’ என்ற சொல்லுக்கும் ‘கார்டியா’வுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் நேர்வழியில் இல்லை. இதயம் என்பது வடமொழி ‘ஹ்ருதய’த்தின் தமிழ் வடிவம். வடமொழி, கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் நான்கும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ஆகவே ஹ்ருதய, கார்டியா, கோர்டிஸ், ஆங்கில ஹார்ட் நான்கும் பங்காளிகள். நடுவில் ஒரு ரகர ஒலியும் அதையடுத்து ஒரு தகர அல்லது டகர ஒலியும் நான்கிலும் இருப்பதைப் பாருங்கள். முதல் ஒலி மட்டும் மொழிக்கு மொழி மாறியிருக்கிறது.

இன்னொரு பங்காளியும் தமிழுக்குள் சத்தமில்லாமல் இருக்கிறது: சிரத்தை. வடமொழி ‘ச்ரத்தா’ என்பதை ‘இதயத்தை வைத்தல்’ என்றுதான் பெரும்பாலான மொழியியலாளர்கள் பிரிக்கிறார்கள். லத்தீனில் ‘நம்புகிறேன்’ என்று பொருள்படும் ‘க்ரேதோ’வும் அதே பிறப்பு, அதன் வழியில் வந்ததுதான் கிரெடிட் கார்டில் இருக்கும் கிரெடிட். சிரத்தையும் கிரெடிட்டும் உறவினர் என்று கேள்விப்பட்டபோது நான் முதலில் நம்பவில்லை.

நெஞ்சு, மார், உள்ளம் எல்லாம் நம் சொந்தச் சொத்து. மாரடைப்பு என்பது மார் + அடைப்பு, கடன் எதுவும் இல்லை.

கரோனரி என்பதிலும் ‘கோர்’ தானே இருக்கிறது?

எல்லோரும் விழும் குழி இது. இல்லை. கரோனரி என்பது லத்தீன் ‘கொரோனா’விலிருந்து வந்தது. கொரோனா என்றால் மகுடம், தலையில் சூட்டும் மாலை. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இதயத்தின் மேற்பகுதியை வளைத்து, தலையில் வைத்த மாலை போல ஓடுவதால் இந்தப் பெயர். ஆமாம், வைரஸ் பெயரில் இருப்பதும் இதே கொரோனாதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைச் சுற்றித் தெரிந்த விளிம்பு சூரியனின் ஒளிவட்டத்தை நினைவூட்டியதால் 1968இல் அப்படிப் பெயர் வைத்தார்கள். இதயத் தமனிக்கும் வைரஸுக்கும் இந்த மாலை ஒன்றைத் தவிர வேறு உறவு கிடையாது.

இதே வரிசையில் இன்னும் சில போலிகள் உண்டு. இதய வால்வுகளைப் பிடித்திழுத்து நிறுத்தும் மெல்லிய நரம்பு போன்ற இழைகளுக்குக் ‘கார்டே டெண்டினே’ என்று பெயர். அந்தக் ‘கார்டே’ இதயம் இல்லை. கிரேக்கத்தில் குடலையும், குடலைத் திரித்துச் செய்த யாழ் நரம்பையும் குறித்த சொல். அதேபோல் கார்டினல் என்ற சொல் லத்தீனில் கதவின் கீலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இதயத்துக்கு அதில் வேலையில்லை.

வயிற்று எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் ‘கார்டியா’ என்று இருக்கிறது. இதயத்தில் ஏதாவது பிரச்சினையா?

பயப்பட வேண்டாம். உணவுக்குழாய் இரைப்பையில் வந்து சேரும் இடத்துக்கும் கார்டியா என்றுதான் பெயர். பழைய கிரேக்க மருத்துவர்கள் இதயத்தையும் இரைப்பையின் மேல் வாயையும் ஒரே சொல்லால் அழைத்தார்கள். நெஞ்செரிச்சல் வயிற்று அமிலத்தால் வருவது, ஆனால் எரிவது நெஞ்சில்தான் என்று நமக்கும் தோன்றுகிறது, தமிழிலும் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறோம். ஆக அவர்களைக் குறை சொல்ல முடியாது. வயிறு பற்றிய ரிப்போர்ட்டில் கார்டியா என்று தனியாக வந்தால் அது இடத்தின் பெயர் மட்டுமே.

ஏட்ரியம், ஆரிக்கிள், வென்ட்ரிக்கிள் – இந்தப் பெயர்களை எப்படி நினைவில் வைப்பது?

இதயத்தை ஒரு ரோமானிய வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் வாசலைத் தாண்டி நுழைந்ததும் வரும், மேலே திறந்த கூடத்துக்கு ஏட்ரியம் என்று பெயர். வருகிறவர் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான். உடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் திரும்பி வரும் ரத்தம் முதலில் வந்து நிற்பதும் இதயத்தின் மேலறையில்தான், அதனால் பெயர் கச்சிதம். 

ஆரிக்கிள் என்றால் ‘சின்னக் காது’. மேலறையின் ஓரத்தில் நாய்க்காது மாதிரித் தொங்கும் ஒரு பை இருக்கிறது, அதற்குரிய பெயர் அது. பழைய பாடப்புத்தகங்கள் மேலறை முழுவதையுமே ஆரிக்கிள் என்று எழுதின, அதனால்தான் அப்பா அம்மா படித்ததும் நாம் படிப்பதும் ஒத்துப்போவதில்லை.

வென்ட்ரிக்கிள் என்றால் ‘சின்ன வயிறு’. குழிவாக, பை போல இருப்பதையெல்லாம் அப்படி அழைத்தார்கள், மூளைக்குள்ளும் வென்ட்ரிக்கிள் உண்டு. இடது வலது அறைகளைப் பிரிக்கும் சுவர் செப்டம், லத்தீனில் வேலி. வால்வு என்பது மடக்குக் கதவின் ஒரு பலகை. வேலி, கதவு, கூடம் எல்லாம் ஆயிற்று, வீடு முடிந்தது.

மைட்ரல், ட்ரைகஸ்பிட் எல்லாம்?

ட்ரைகஸ்பிட் எளிது: மூன்று முனை. மைட்ரல் வால்வுக்கு இரண்டே இதழ்கள். அது கிறிஸ்தவ பிஷப்புகள் அணியும், முன்னும் பின்னும் இரண்டு மடல் எழுந்து நிற்கும் ‘மைட்டர்’ தொப்பி போல இருக்கிறது என்று உடற்கூற்றியலாளர் வெசேலியஸ் ஒப்பிட்டார். அவருடைய பெரிய உடற்கூற்று நூல் 1543இல் வந்தது. அந்தத் தொப்பியைத் தலைகீழாக நினைத்தால் வால்வு கிடைத்துவிடும். மற்ற இரண்டு வால்வுகளும் செமிலூனார், அரைநிலா. இதைப் பெயர் வைத்தவர் நல்ல ரசனைக்காரர்.

ஆர்ட்டரி என்றால் ‘காற்றுக்குழாய்’ என்று படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?

உண்மைதான், எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்த கதையும் இதுதான். 

கிரேக்கத்தில் ‘ஆர்த்தேரியா’ என்பது முதலில் மூச்சுக்குழாயைக் குறித்த சொல். இறந்த உடலை அறுத்துப் பார்த்தவர்களுக்குச் சிரைகளில் ரத்தம் தெரிந்தது, தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. காரணம் நமக்குத் தெரியும்: தமனியின் சுவர் தடிப்பானது, சுருங்கும் தன்மை உள்ளது, இறந்தபின் அது ரத்தத்தைச் சிரைப்பக்கம் தள்ளிவிடுகிறது. அவர்களுக்கு அது தெரியாது. வெறுங்குழாய் என்றால் உள்ளே காற்றுதான் போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, காற்றுக்குழாயின் பெயரையே வைத்தார்கள். பிறகு இரண்டையும் வேறுபடுத்த வேண்டி வந்தபோது, உண்மையான மூச்சுக்குழாயை, அதன் வளையங்கள் கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படுவதால், ‘சொரசொரப்பான ஆர்த்தேரியா’ என்றார்கள். கிரேக்கத்தில் சொரசொரப்பானது ‘த்ராகேயா’. காலப்போக்கில் பெயர்ச்சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சியது, அதுதான் இன்றைய ட்ரக்கியா. ஆக, மூச்சுக்குழாய் தன் பெயரைத் தமனியிடம் பறிகொடுத்துவிட்டு அடைமொழியோடு காலம் தள்ளுகிறது. உயிருள்ள விலங்குகளின் தமனியைக் கட்டி, அறுத்து, உள்ளே இருப்பது ரத்தமே என்று கேலன் காட்டினார், ஆனால் பெயர் அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, நாம் மட்டும் தப்பித்தோமா? தமனி என்ற சொல்லின் வடமொழி மூலம் ‘தமனீ’. அதன் வேர்ச்சொல்லுக்கு ஊதுதல் என்று பொருள், ஊதுகுழலையும் அந்தச் சொல் குறித்தது. அங்கேயும் காற்றுதான்!

அயோர்ட்டா என்னும் பெருந்தமனியின் பெயர், ‘தூக்கு, தொங்கவிடு’ என்று பொருள்படும் கிரேக்க வினையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கழுத்தின் இருபுறமும் ஓடும் கரோட்டிட் தமனியின் பெயர் ‘காரோஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது: மயக்கம், உணர்விழப்பு. அதை அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவார் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. தயவுசெய்து யாரும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

பெரிகார்டியம், மயோகார்டியம், எண்டோகார்டியம்?

‘பெரி’ சுற்றிலும், ‘எண்டோ’ உள்ளே, ‘எபி’ மேலே. ஆகவே உறை, உட்பூச்சு, மேற்பூச்சு. ‘மயோ’ தசை. கிரேக்கத்தில் ‘மூஸ்’ என்ற ஒரே சொல் எலியையும் தசையையும் குறித்தது, லத்தீனிலும் தசைக்கு ‘சுண்டெலி’ என்றுதான் பெயர், அதிலிருந்துதான் மசில். கையை மடக்கும்போது தோலுக்கு அடியில் ஏதோ ஓடுவது போல இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் வைத்தார்களாம். கடைசியில் ‘ஐட்டிஸ்’ ஒட்டினால் அழற்சி: பெரிகார்டைட்டிஸ், மயோகார்டைட்டிஸ், எண்டோகார்டைட்டிஸ்.

ஆஞ்சைனாவும் ஆஞ்சியோவும் ஒன்றா?

இல்லவே இல்லை. ஒரே ஃபைலில் இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்றென்று தோன்றும். ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி இரண்டிலும் இருப்பது ‘ஆங்கேயோன்’ என்ற கிரேக்கச் சொல், பாத்திரம் அல்லது கலம் என்று பொருள், இங்கே ரத்தக் குழாய். பிளாஸ்டி என்பது வடிவமைத்தல், பிளாஸ்டிக்கோடு பிறந்தது. 

ஆஞ்சைனா என்பது கழுத்தை நெரிப்பது. லத்தீனில் ‘ஆங்கெரே’ என்றால் நெரித்தல், ஆங்கிலத்தில் பதற்றத்தைக் குறிக்கும் ஆங்சைட்டி என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததே. முதலில் ஆஞ்சைனா என்பது தொண்டை அடைத்துக்கொள்ளும் நோய்க்குத்தான் வழங்கியது. 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து நின்றால் விட்டுவிடும் வலியை விவரித்து, அதற்கு ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ என்று பெயரிட்டார், ‘நெஞ்சின் நெரிப்பு’. நோயாளிகள் அதைக் ‘குத்துது’ என்பதைவிட ‘இறுக்குது, அழுத்துது’ என்று சொல்வதுதான் அதிகம் என்பதால் பெயர் சரியாகவே அமைந்துவிட்டது.

இன்ஃபார்க்‌ஷன் என்பதன் மூலம் லத்தீன் ‘ஃபார்கிரே’, திணித்தல், அடைத்தல். ரத்த ஓட்டம் நின்று செத்துப்போன திசு, ரத்தம் தேங்கி உப்பி, திணித்து வைத்தது போல இருந்ததைப் பார்த்து வைத்த பெயர். இன்று அதன் பொருள் ‘திசு இறப்பு’. ஆனால் சொல்லை மட்டும் பிரித்தால் நம்முடைய மாரடைப்பில் இருக்கும் அதே ‘அடை’ கிடைக்கிறது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, ஆனாலும் அப்படி அமைந்திருக்கிறது. 

கார்டியாக் அரெஸ்ட் வேறு. அரெஸ்ட் என்றால் நிறுத்தம், இதயம் துடிப்பதே நின்றுபோவது. மாரடைப்பு அதற்கு ஒரு காரணமாகலாம், இரண்டும் ஒன்றல்ல.

அதிரோஸ்க்ளிரோசிஸ், த்ராம்பஸ், எம்பாலஸ்: வித்தியாசம் சொல்லுங்களேன்.

‘அதேரே’ என்றால் கிரேக்கத்தில் கூழ். ‘ஸ்க்ளேரோசிஸ்’ என்றால் இறுகுதல். ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் கொழுப்புத் திட்டை அறுத்தால் உள்ளே கொழகொழவென்று கூழ் மாதிரி இருக்கும், சுவரோ விறைத்திருக்கும். இரண்டையும் சேர்த்து அதிரோஸ்க்ளிரோசிஸ் என்று 1904இல் பெயர் வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஃபெலிக்ஸ் மார்ச்சாண்ட். இறுகிய கூழ்.

த்ராம்பஸ் உறைந்த கட்டி, இருந்த இடத்திலேயே இருப்பது. எம்பாலஸ் ‘உள்ளே செருகியது’, ஆப்பு, அடைப்பான்: எங்கிருந்தோ ரத்தத்தில் மிதந்து வந்து குறுகலான இடத்தில் போய்ச் சிக்குவது. ஸ்டெனோசிஸ் குறுகல். இஸ்கீமியா, ரத்தம் தடுத்து நிறுத்தப்படுவது. கொலஸ்ட்ரால் என்பதோ ‘பித்தம்’, ‘திண்மம்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. முதலில் அதைக் கண்டெடுத்தது பித்தக்கற்களில், இதயத்தோடு அதன் பெயரைச் சேர்த்துப் பேசத் தொடங்கியது மிகவும் பிற்பாடு.

சிஸ்டாலிக், டயஸ்டாலிக்?

ரத்த அழுத்தம் 120/80 என்று எழுதினால் மேலே இருப்பது சிஸ்டாலிக், கீழே டயஸ்டாலிக். சிஸ்டலே ஒன்றாகச் சுருக்குவது, டயஸ்டலே விலக்கி விரிப்பது. இதயம் சுருங்கும்போது அழுத்தம் ஏறும், விரியும்போது இறங்கும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு கொசுறு. இந்தச் சொற்களை யாப்பிலும் பயன்படுத்தினார்கள். நெடிலைக் குறுக்கினால் சிஸ்டலே, குறிலை நீட்டினால் டயஸ்டலே. நம் செய்யுள் விகாரத்தில் குறுக்கலும் நீட்டலும் அதேதான். மூளைக்கு ரத்தம் குறைந்து திடீரென மயங்கி விழுவதைச் சிங்கபி என்கிறார்கள், ‘வெட்டிக் குறைத்தல்’ என்று பொருள். சொல்லின் நடுவில் எழுத்து உதிர்வதற்கும் அதே பெயர், அதாவது நம் இடைக்குறை. மயங்கி விழுந்தவரைப் பார்த்து இடைக்குறை என்று சொன்னால் அடி விழும், ஆனாலும் பொருள் சரிதான்.

டாக்கி, பிராடி?

டாக்கி வேகம், பிராடி மந்தம். ‘அ’ சேர்த்தால் இல்லாமை, ஆகவே அரித்மியா என்பது தாளமில்லாமை. இதயத்தில் கேட்கும் வழக்கமில்லாத இரைச்சலுக்கு மர்மர் என்று பெயர், அது லத்தீன், ஒலிக்குறிப்புச் சொல், நம் முணுமுணுப்பு மாதிரியே.

ஸ்டெதஸ்கோப்பில் கேட்கத்தானே செய்கிறோம், ‘ஸ்கோப்’ எதற்கு?

நியாயமான கேள்வி. ஸ்தேதோஸ் மார்பு, ஸ்கோபெய்ன் பார்ப்பது. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதில் தொடங்கியது கருவி. காதால் கேட்டு உள்ளே நடப்பதை ‘ஆராய்வது’ என்ற பொருளில் வைத்தார், பரவாயில்லை என்று விட்டுவிடலாம். ரத்த அழுத்தக் கருவியின் பெயரான ஸ்ஃபிக்மோமேனோமீட்டர் சொல்ல வராவிட்டால் ஸ்ஃபிக்மோ, மேனோ, மீட்டர் என்று மூன்றாக உடையுங்கள். ஸ்ஃபிக்மோஸ் என்றால் நாடித்துடிப்பு.

ஈசிஜி, ஈகேஜி இரண்டும் ஒன்றே, எலக்ட்ரோகார்டியோகிராம் என்பதன் சுருக்கம். ஜெர்மன் எழுத்துமுறையில் கார்டியாவுக்குக் ‘கே’. முதல் பாதியில் இருக்கும் ‘எலக்ட்ரோ’, அம்பர் என்னும் மரப்பிசின் கல்லுக்குக் கிரேக்கர் வைத்த பெயர், அதைத் தேய்த்தால் தூசு துரும்பை இழுக்கும். இந்தப் பரிசோதனைக்காக நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டென்ட் எந்த மொழி?

எந்த மொழியும் இல்லை, ஆள் பெயர். 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் ஸ்டென்ட் என்ற ஆங்கிலப் பல் மருத்துவர் பல் அச்சு எடுக்க ஒரு கலவை உருவாக்கினார், அந்தப் பெயர் கைமாறி கைமாறி ரத்தக் குழாய் வரை வந்து சேர்ந்தது. அதேபோல் இதயத்துக்குள் துடிப்புக்கான மின்குறிப்பைக் கடத்தும் இழைக்கட்டின் பெயரான ‘பண்டில் ஆஃப் ஹிஸ்’ என்பதில் ஹிஸ் என்பது வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர், ‘அவனுடைய’ இல்லை. நான் ரொம்ப நாள் யாருடைய கட்டு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேரைத் தெரிந்துகொண்டால் பொருள் தெரிந்துவிடுமா?

பாதி தெரியும். அனீமியாவைப் பிரித்தால் ‘ரத்தம் இல்லாமை’, ஆனால் ரத்தமே இல்லாமல் யாரும் நடமாடுவதில்லை. ஹைப்பர்டென்ஷன் கிரேக்கத் தலையும் லத்தீன் உடலும் ஒட்டிய கலப்பு, அதைப் பிரித்தால் ‘மிகை இழுவிசை’ என்று வரும், மனப் பதற்றம் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 

ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன்: ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி. கடைசியிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். பதி, துன்பம் அல்லது நோய். மயோ, தசை. கார்டியோ, இதயம். ட்ரோஃபி, ஊட்டம், கோப்பை இல்லை. ஹைப்பர், மிகை. மிகையாக ஊட்டம் பெற்றது போல இதயத் தசை தடித்துப்போன நோய். இப்போது நீங்களே ஒன்று: பெரிகார்டியோசென்டெசிஸ். சென்டெசிஸ் என்றால் ஊசியால் குத்துவது, மீதியெல்லாம் மேலே வந்துவிட்டது.